ஒரே குதிரைக் காட்சிக்குத் திரும்பத் திரும்பப் போன ரோஸா பாட்டி!

சர்க்கஸ் போயிருப்பீர்கள். பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள். ஒரு தடவை பார்த்துவிட்டால் அவ்வளவுதான், அடுத்த வருடம் கூடாரம் போடும்வரை அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டோம். அதே ஷோவுக்கு அடுத்த வாரமே இன்னொரு டிக்கெட் எடுத்துப் பாருங்கள். “காசு என்ன கொட்டியா கெடக்கு?” என்று வீட்டில் ஒரு குரல் கண்டிப்பாக வரும்.

1889-ம் ஆண்டு பாரிஸில் 67 வயதுப் பெண்மணி ஒருவர் இதைத்தான் செய்தார். ஊருக்கு வெளியே நடந்துகொண்டிருந்த ஒரு குதிரைக் காட்சிக்குப் போனார். பிறகு மறுபடியும் போனார். அதற்குப் பிறகும் போனார். கையில் ஸ்கெட்ச் நோட்டு. யாரும் அவரைத் தடுக்கவில்லை. தடுக்கவும் முடியாது, ஏனென்றால் அந்தக் காலத்தில் உலகிலேயே அதிகம் பேசப்பட்ட பெண் ஓவியர் அவர்தான். பெயர் ரோஸா பொனர்.

அந்த ஷோவை நடத்தியவரின் பெயரைச் சொன்னால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். பஃபலோ பில்! காமிக்ஸ் படித்து வளர்ந்த சித்தப்பா, மாமாக்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டை ஒட்டி, 1889-ல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தது. ஈபிள் கோபுரம் எழுந்தது அதற்காகத்தான். ஊரே திருவிழாக் கோலம். அந்தக் கூட்டத்தை நம்பி அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது ‘பஃபலோ பில்ஸ் வைல்டு வெஸ்ட்’. நகரத்தை ஒட்டிய நுயி என்ற இடத்தில் முகாம். மே மாதம் நடந்த தொடக்கக் காட்சிக்கு பிரான்ஸ் குடியரசுத் தலைவர் சாடி கார்னோவே வந்தார்.

காட்சியில் என்னென்ன? கௌபாய்கள், முரட்டுக் குதிரைகளை அடக்கும் வித்தை, கயிற்றுச் சுருக்கு வீசிப் பிடிப்பது, ஆனி ஓக்லி என்ற பெண்ணின் துப்பாக்கி சுடும் திறமை, தபால் குதிரை வண்டியைப் பூர்வகுடிகள் தாக்குவதும் பஃபலோ பில் வந்து காப்பாற்றுவதும், கூடவே நிஜமான பைசன்களை வைத்து நடத்திய வேட்டைக் காட்சி. பைசன் என்றால் கழுத்தில் பிடரியும் திமிலும் கொண்ட அந்த அமெரிக்கக் காட்டெருமை. லகோட்டா உள்ளிட்ட அமெரிக்கப் பூர்வகுடியினரும் குடும்பம் குடும்பமாக வந்து அங்கேயே கூடாரம் அடித்துத் தங்கியிருந்தார்கள்.

ஓவியர்களுக்கு இந்த ஷோ மேல் ஒரு தனி மயக்கம். பால் கோகன் (டஹிட்டித் தீவுக்குப் போய் வரைந்தாரே, அவரேதான்) ஷோவைப் பார்த்துவிட்டு, நண்பர் எமில் பெர்னாருக்கு ‘நீயும் கட்டாயம் வந்து பார்’ என்று கடிதம் எழுதினார். ஆனால், ரோஸா பொனர் அளவுக்கு யாரும் அங்கே பொழுதைக் கழிக்கவில்லை. அவருக்கு மட்டும் ஏன் அத்தனை முறை தேவைப்பட்டது?

ஜூன் மாதம் நடந்தது

ரோஸாவுக்கு 14 வயது இருக்கும்போது, ஓவியரான அவருடைய அப்பாவிடம் ஒரு குடும்பம் வந்தது. உடம்புக்கு முடியாத தங்கள் மகளை வரைந்து தரச் சொன்னார்கள். அந்தச் சிறுமிதான் நதாலி மிகாஸ். படம் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. இருவரும் தோழிகளானார்கள். பிறகு ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். ரோஸா வரைவார். நதாலி வீட்டைப் பார்ப்பார், கணக்கைப் பார்ப்பார், வளர்ப்பு மிருகங்களுக்கு வைத்தியம் பார்ப்பார். அந்த வீட்டில் சிங்கம்கூட வளர்ந்தது என்பதால் ‘வைத்தியம் பார்ப்பார்’ என்று நான் எழுதியதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நதாலி சொந்தமாக ரயில் பிரேக் ஒன்றையும் கண்டுபிடித்துச் சோதனை செய்து பார்த்தார். பிரேக் ஊருக்குள் எடுபடவில்லை. அதற்காக அவர் சோர்ந்துபோகவும் இல்லை.

ஐம்பது வருடத்துக்கும் மேலான அந்தத் துணை, 1889 ஜூன் 24 அன்று இறந்துபோனார்.

தேதியைக் கவனியுங்கள். மே மாதம் ஷோ ஆரம்பம், ஜூனில் நதாலியின் மரணம். ஃபோன்தென்ப்ளோ காட்டை ஒட்டிய கிராமத்தில் இருந்த அந்தப் பெரிய வீட்டில் ரோஸா தனியாக நின்றார். தொட்டதெல்லாம் நதாலியின் பொருள். வேலையில் மனம் போகவில்லை.

நம் ஊரில் துக்கம் நடந்த வீட்டுக்கு வரும் பெரியவர்கள் கிளம்பும்போது, “மனசு மாற எங்கயாவது போயிட்டு வாம்மா” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எங்கே போவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சிலர் கோயிலுக்குப் போவார்கள். சிலர் மகள் வீட்டுக்குப் போவார்கள். ரோஸா குதிரைகளைப் பார்க்கப் போனார்.

அது அவருக்குப் பழைய வழிதான்.

அ - அணில், ஆ - ஆடு

ரோஸா 1822-ல் பொர்தோ நகரில் பிறந்தவர். சின்ன வயதில் படிப்பு ஏறவில்லை. எழுத்து என்றாலே ஓட்டம். அம்மா சோஃபி ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மிருகத்தைத் தேர்ந்தெடு, அதை வரை. நாம் ‘அ - அணில், ஆ - ஆடு’ என்று படித்தோமே, அதேதான். வித்தியாசம், படத்தைப் புத்தகம் போடவில்லை, பிள்ளையே போட வேண்டும். ரோஸா எழுத்தும் கற்றுக்கொண்டார், மிருகங்களை வரையவும் கற்றுக்கொண்டார்.

அப்பா ரெய்மோன் ஒரு லட்சியவாதி. சமத்துவம் பேசிய செயின்ட் சிமோன் இயக்கத்தில் சேர்ந்து, குடும்பத்தை விட்டுவிட்டு ஆசிரம வாழ்க்கைக்குப் போனார். அம்மா பியானோ சொல்லிக்கொடுத்தும், துணி தைத்தும் நான்கு பிள்ளைகளைக் காப்பாற்றினார். உடம்பு தாங்கவில்லை. 1833-ல் இறந்தார். ரோஸாவுக்கு 11 வயது. அடக்கம் செய்யக்கூட காசில்லாமல் ஏழைகளின் பொதுக்குழியில் புதைத்தார்கள். அந்த அப்பாவின் கொள்கையில்தான் ‘ஆணும் பெண்ணும் சமம்’ என்பதும் இருந்தது, அதை நம்பித்தான் மகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்தார் என்பதும் உண்மை. அவரைத் திட்டுவதா, பாராட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவைப் பற்றி அந்தக் குழப்பமே இல்லை.

முப்பது வயதை நெருங்கும்போது ரோஸாவுக்கு ஒரு பெரிய யோசனை வந்தது. பாரிஸின் குதிரைச் சந்தையை வரைய வேண்டும். ஒப்பித்தால் சாலையில், மரங்களுக்கு நடுவே கூடும் சந்தை அது. நம்மூர் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் குதிரைகளை ஓட்டிக் காட்டி விலை பேசுவார்களே, அந்தக் காட்சியை மனதில் ஓட்டிக்கொள்ளுங்கள். புழுதி, சத்தம், தரகர்கள், முரண்டு பிடிக்கும் குதிரைகள். கூட்டம் முழுக்க ஆண்கள். பாவாடையோடு ஒரு பெண் போய் நின்று வரைய ஆரம்பித்தால் குதிரையை விட்டுவிட்டு எல்லாரும் அவரைத்தான் பார்ப்பார்கள்.

ஆண்களைப் போல உடுத்திக்கொண்டு போனார் ரோஸா. வாரத்துக்கு இரண்டு நாள். ஒன்றரை வருடம்!

இதில் ஒரு சிக்கல். பெண்கள் பேன்ட் போட வேண்டும் என்றால் போலீஸ் அனுமதி வேண்டும் என்று 1800-ம் ஆண்டிலேயே பாரிஸில் ஓர் உத்தரவு இருந்தது. மருத்துவர் கையெழுத்தோடு விண்ணப்பிக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். ரோஸாவுக்கு 1857-ல் கொடுக்கப்பட்ட அனுமதிச் சீட்டு இன்றும் இருக்கிறது. அதில் ஒரு நிபந்தனை: அந்த உடையில் பொதுக் காட்சிகளுக்கோ, நடன அரங்குகளுக்கோ, மக்கள் கூடும் பொழுதுபோக்கு இடங்களுக்கோ வரக்கூடாது. சந்தைக்குப் போகலாம், ஷோவுக்குப் போகக்கூடாது. அந்த 1800-ம் ஆண்டு உத்தரவு செல்லாது என்று பிரெஞ்சு அரசு அதிகாரபூர்வமாகச் சொன்னது எப்போது தெரியுமா? 2013-ல். ஆமாம், நம் கையில் ஸ்மார்ட்போன் வந்த பிறகு.

ஒன்றரை வருட அலைச்சலில் உருவான ‘குதிரைச் சந்தை’ ஓவியம் 1853-ல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஐந்து மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம். ஒரு ஷேர் ஆட்டோவை அதன் முன்னால் நிறுத்தினால் ஆட்டோ சிறியதாகத் தெரியும். பெர்ஷெரான் என்ற வலுவான இழுவைக் குதிரைகள் வட்டமடித்து வருகின்றன. ஒன்று முன்னங்காலைத் தூக்கி எழும்புகிறது. கூட்டத்துக்கு நடுவே தொப்பி போட்ட ஒரு முகம் நம்மைப் பார்க்கிறது, அது மாறுவேடத்தில் இருக்கும் ரோஸாவேதான் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஓவியம் கடல் தாண்டியது. இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி தன் அரண்மனைக்கு வரவழைத்துப் பார்த்தார். 1887-ல் அமெரிக்கக் கோடீஸ்வரர் கார்னீலியஸ் வாண்டர்பில்ட் 53,000 டாலர் கொடுத்து வாங்கி, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்கு அன்பளிப்பாகத் தந்துவிட்டார்.

ஒரு தடவை பார்த்தால் போதாதா?

போதாது. குதிரை விஷயத்தில் நிச்சயம் போதாது.

குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா என்று பல தலைமுறைகளாகச் சண்டை. எழும்பும் என்று நம்பிய ஓவியர்கள் முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் நீட்டி, மர ஆட்டுக்குதிரை மாதிரி வரைந்து தள்ளினார்கள். 1878-ல் எட்வர்ட் மைப்ரிட்ஜ் கலிபோர்னியாவில் வரிசையாக கேமராக்களை வைத்துப் படமெடுத்தபோது உண்மை தெரிந்தது. கால்கள் எழும்புவது நிஜம்தான், ஆனால் நீட்டியிருக்கும்போது இல்லை, வயிற்றுக்கடியில் மடங்கிக் குவியும்போது. நூற்றுக்கணக்கான வருடங்களாக எல்லாரும் தினமும் பார்த்த விலங்கு அது. கண்ணெதிரே ஓடியும் கண்ணுக்குப் படவில்லை.

அதனால்தான் ஒரே காட்சிக்குப் பத்து தடவை போகிறவர்களை நான் கிண்டல் செய்வதில்லை. முதல் தடவை நாம் பார்ப்பது ஷோவை. துப்பாக்கிச் சத்தம், கைதட்டல், அடுத்து என்ன வரும் என்ற பதற்றம். கதை தெரிந்த பிறகுதான் கண் மெதுவாக நகர ஆரம்பிக்கும். சேணத்துக்குக் கீழே வியர்வை எப்படி நுரைக்கிறது, ஓட்டம் முடிந்த குதிரை எந்தக் காலுக்கு ஓய்வு கொடுத்து நிற்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

பஃபலோ பில்லின் நிஜப் பெயர் வில்லியம் கோடி. விளம்பரத்தில் புலி. ரோஸா பொனர் வந்திருக்கிறார் என்றதும் முகாமையே திறந்துவிட்டார். பார்வையாளர் வரிசையில் உட்கார வேண்டியதில்லை, எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரை வேண்டுமானாலும் வரையலாம். ரோஸா லாயங்களுக்குப் போனார். பைசன்களின் பக்கத்தில் உட்கார்ந்தார். பூர்வகுடியினரின் கூடாரங்களுக்கு நடுவே சுற்றினார். ராக்கி பேர், ரெட் ஷர்ட் என்ற இரண்டு லகோட்டா தலைவர்களோடும் கோடியோடும் அவர் இருக்கும் புகைப்படம் கிடைக்கிறது. மொழி தெரியாது, இடையில் ஆள் வைத்துத்தான் பேச்சு.

அந்தப் பைசன்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. ஒரு காலத்தில் வட அமெரிக்கச் சமவெளியில் கோடிக்கணக்கில் திரிந்த விலங்கு. தோலுக்காகவும் ரயில் பாதைக்காகவும் பூர்வகுடிகளின் வயிற்றில் அடிப்பதற்காகவும் சுட்டுத் தள்ளினார்கள். இதே 1889-ல் வில்லியம் ஹார்னடே என்ற அமெரிக்க விலங்கியலாளர் எண்ணிப் பார்த்துக் கொடுத்த கணக்கு: மொத்தமே 1,091. ரயில் பாதைத் தொழிலாளர்களுக்கு இறைச்சி கொடுக்கும் வேலையில் தான் மட்டும் ஒன்றரை வருடத்தில் 4,280 பைசன்களைச் சுட்டதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர் யார்? கோடிதான். ‘பஃபலோ’ பட்டமே அப்படி வந்ததுதான். உலகத்தில் மிச்சமிருந்த கடைசி ஆயிரத்துச் சொச்சத்தில் சிலவற்றைக் கூட்டிக்கொண்டு வந்து, டிக்கெட் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

மனிதர்களின் கதையும் அப்படியே. ஷோவில் தினமும் லகோட்டாக்கள் தபால் வண்டியைத் தாக்குவார்கள், வெள்ளைக்காரர் வந்து காப்பாற்றுவார். நிஜத்தில் யார் நிலத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதை அப்படியே தலைகீழாக்கிய நாடகம் அது. அடுத்த வருடம், 1890 டிசம்பர் 29 அன்று, வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்க ராணுவம் லகோட்டா ஆண்கள், பெண்கள், குழந்தைகளைக் கொன்று குவித்தது. முந்தைய சுற்றுப்பயணத்தில் கப்பலைத் தவறவிட்டு ஐரோப்பாவிலேயே சிக்கிக்கொண்ட பிளாக் எல்க் என்ற லகோட்டா இளைஞர், 1889-ல் பாரிஸில் கோடியைச் சந்தித்து, அவர் கொடுத்த டிக்கெட்டில்தான் ஊர் திரும்பினார். திரும்பியவர் அந்தப் படுகொலையைக் கண்ணால் பார்க்க நேர்ந்தது.

ரோஸாவுக்கு இதெல்லாம் புரிந்திருந்ததா? அமெரிக்கப் பூர்வகுடிகள் மேல் அவருக்கு இளமையிலிருந்தே ஆர்வம் உண்டு. ஜார்ஜ் கேட்லின் என்ற அமெரிக்க ஓவியரின் பூர்வகுடிப் படங்களைப் பிரதி எடுத்துப் பழகியவர். அழிந்துகொண்டிருக்கும் மக்கள் என்ற பரிதாபம் அவர் பேச்சில் இருந்தது. அந்தப் பரிதாபத்திலும் ஒரு தூரம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ‘ஐயோ பாவம்’ என்பது ‘இது அநியாயம்’ ஆகாது. ஆனாலும் அந்த நாட்களிலிருந்து அவர் உருவாக்கிய ஓவியங்களில் நான் பார்த்தவரை, தபால் வண்டி இல்லை. துப்பாக்கிச் சண்டை இல்லை. ஈட்டியோடு குதிரையில் போகும் ஆட்கள், பைசனைத் துரத்தும் வேட்டை, புல்வெளி. பாரிஸ் கூட்டம் எதைப் பார்க்கக் காசு கொடுத்ததோ அதை அவர் வரையவே இல்லை. திரும்பத் திரும்பப் போனதால் வந்த பலன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடங்காத குதிரை செய்த வேலை

ரோஸாவின் வீட்டில் அப்போது ஒரு தலைவலி இருந்தது. அமெரிக்காவில் குதிரை வளர்ப்பில் ஈடுபட்டிருந்த ஜான் ஆர்பக்கிள் என்பவர், அபிமானத்தால் அவருக்குக் காட்டுக் குதிரை அனுப்பியிருந்தார். மஸ்டாங் ரகம். பரிசு வந்ததே தவிர, அதன் பக்கத்தில் யாராலும் போக முடியவில்லை. சிங்கத்தையே வளர்த்தவருக்கு இந்தக் குதிரை அடங்கவில்லை!

1889 செப்டம்பரில் கோடி ரோஸாவின் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார். பாரிஸிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் தொமெரி கிராமம், அங்கே ‘பி’ மாளிகை. நாடோடிச் சாகசக்காரரும் வெள்ளை முடிப் பாட்டியும் ஒரே மேசையில். பேச்சு எங்கே போயிருக்கும்? குதிரைதான். அடங்காத அமெரிக்கக் குதிரைகளைப் பிடிக்க கோடியிடம் ஆட்கள் இருந்தார்கள். அவருடைய கௌபாய்கள் கயிறு வீசி மடக்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தலைவலி தீர்ந்தது.

தீர்ந்ததா? பரிசு கொடுத்த ஆர்பக்கிள் கொஞ்ச நாளில் நேரிலேயே வந்து நின்றார், தன் குதிரை எப்படி இருக்கிறது என்று பார்க்க! கல்யாணத்துக்கு வந்த வெள்ளிக் குத்துவிளக்கை வேறு யாருக்கோ மொய்யாக வைத்துவிட்ட பிறகு, கொடுத்தவர் வீட்டுக்கு வந்து “விளக்கு எங்கம்மா?” என்று கேட்டால் எப்படி இருக்கும்? ரோஸா மழுப்பவில்லை. அடக்க முடியவில்லை, கோடியிடம் கொடுத்துவிட்டேன் என்று உள்ளதைச் சொன்னார்.

அந்தச் சங்கடமான உரையாடலை மொழிபெயர்க்க ஆர்பக்கிள் கூட்டிவந்த பெண், பாரிஸில் ஓவியம் படித்த ஓர் அமெரிக்கர். பெயர் அன்னா க்ளம்ப்கி. சான் ஃபிரான்சிஸ்கோவில் அவர் சிறுமியாக இருந்தபோது விளையாடிய பொம்மைக்குப் பெயரே ‘ரோஸா பொனர்’. அந்த அளவுக்குப் புகழ்பெற்றவர் ரோஸா, கடைகளில் பொம்மையாக விற்றார்கள். பொம்மையின் நிஜ ஆள் எதிரே உட்கார்ந்திருக்க, குதிரைக் கதையை இரண்டு மொழிகளுக்கும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார் அன்னா. இந்த அன்னாவை மறந்துவிடாதீர்கள்.

ரோஸா வேலைக்குத் திரும்பியிருந்தார். கோடியைக் குதிரையோடு வரைந்தார். அந்தப் படத்தை முதலில் போனில்தான் பார்த்தேன். பெரிய மனிதர், பெரிய குதிரை, உலகப் புகழ் ஓவியர் என்பதால் படம் ஒரு சுவரளவு இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அளவைப் பார்த்ததும் ஆச்சர்யம். 47 சென்டிமீட்டர் உயரம், 39 சென்டிமீட்டர் அகலம்கூட முழுசாக இல்லை. நம் வீட்டு தினசரி காலண்டர் அட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

படத்தில் சாகசம் எதுவும் இல்லை. வெளிர் நிறக் குதிரை அமைதியாக நிற்கிறது. குஞ்சம் தொங்கும் தோல் சட்டை, அகலத் தொப்பியோடு கோடி. பின்னால் மரமும் பசுமையும். கைதட்டலே கேட்காத இடம் அது. கோடியின் முகத்தை ஒரு விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள், படம் குறையவில்லை. குதிரையை மறைத்துவிட்டுப் பாருங்கள், படமே இல்லை. இது என் சொந்த அபிப்பிராயம், கோடியின் ரசிகர்கள் மன்னிக்கவும்.

கோடிக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். படத்தைப் பத்திரமாக ஊருக்கு அனுப்பிவைத்தார். பிற்பாடு வீடு தீப்பிடித்த செய்தி வந்தபோது, வீடு போனால் போகட்டும், ரோஸாவின் படத்தைக் காப்பாற்றுங்கள் என்று தந்தி அடித்ததாக ஒரு கதை உண்டு. 1896-ல் அவர் அடித்த விளம்பர போஸ்டர் இன்னும் வேடிக்கை. ஒரு பக்கம் வெள்ளைக் குதிரையில் நெப்போலியன், இன்னொரு பக்கம் வெள்ளைக் குதிரையில் பஃபலோ பில், நடுவில் உட்கார்ந்து வரைகிறார் ரோஸா பாட்டி! கட்-அவுட் கலாசாரம் நம் ஊரில் பிறந்தது என்று இனி யாரும் சொல்லாதீர்கள். அந்தச் சின்னப் படம் இப்போது அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கோடியின் பெயரிலேயே இருக்கும் ஊரில், பஃபலோ பில் மையத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1889 இலையுதிர் காலத்தோடு பாரிஸ் ஷோ முடிந்து கூட்டம் கிளம்பியது. கூடாரம் பிரித்த மைதானத்தைப் பார்த்திருக்கிறீர்களா? முளை அடித்த குழிகளும் வைக்கோலும் சாணமும் மட்டும் கிடக்கும். ரோஸா தன் ஸ்கெட்ச்களோடு பி மாளிகைக்குத் திரும்பினார். அடுத்த வருடங்களிலும் பூர்வகுடி, பைசன் படங்களை வரைந்துகொண்டிருந்தார். வருடக்கணக்கில் கையில் வைத்திருந்த இன்னொரு பிரம்மாண்டமான ஓவியமும் இருந்தது. குதிரைகளைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டுக் கோதுமைக் கதிர் அடிக்கும் காட்சி. நாம் களத்தில் மாடு கட்டிப் போரடிப்போமே, அதுபோல. அதை அவர் முடிக்கவே இல்லை.

ஒன்பது வருடம் கழித்து, 1898-ல், அந்த மொழிபெயர்ப்பாளர் அன்னா மறுபடி வந்தார். இந்த முறை அவர் வேலையாக. ரோஸாவை வரைய அனுமதி கேட்டு எழுதியிருந்தார், ரோஸா வரச்சொல்லியிருந்தார். படம் வரைந்து முடித்ததும் அன்னாவைப் போக வேண்டாம், இங்கேயே தங்கிவிடு என்றார் 76 வயது ரோஸா. அன்னா தங்கினார். அடுத்த வருடம், 1899 மே மாதம் ரோஸா இறந்தபோது சொத்து முழுவதும் அன்னாவின் பெயரில் இருந்தது. குடும்பத்தில் சண்டை வராமல் இருக்குமா? வந்தது. படங்களை ஏலத்தில் விற்று, பணத்தில் பாதியை ரோஸாவின் குடும்பத்தாருக்குக் கொடுத்தார் அன்னா. பாரிஸின் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் நதாலி, ரோஸா, அன்னா மூவருக்கும் ஒரே இடம்.

குதிரை அடங்கியிருந்தால் கோடியிடம் போயிருக்காது. ஆர்பக்கிளுக்கு நேரில் விளக்கம் சொல்ல வேண்டியும் வந்திருக்காது. கணக்குப் போட்டால் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

பி மாளிகையின் ஸ்டுடியோ இப்போது அருங்காட்சியகம். ரோஸாவின் மேலங்கி, தூரிகைகள் எல்லாம் இருக்கின்றன. கோடி பரிசளித்த பூர்வகுடி உடையும் இருக்கிறது. பரண் முழுக்க பல வருடங்களாக யாரும் தொடாத ஓவியங்களும் காகிதங்களும் கிடைத்துக்கொண்டே இருந்தன.

அன்னா வரைந்த அந்த 1898-ம் வருடப் படத்தில் ரோஸா தூரிகையோடு உட்கார்ந்திருக்கிறார். வெள்ளை முடி, நீல மேல்சட்டை, அதில் குத்திய பிரெஞ்சு அரசின் விருதுப் பட்டை. பக்கத்தில் ஸ்டாண்டில் இருக்கும் ஓவியத்திலும் குதிரைகள்தான். அந்தப் படம் இருப்பது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில். ஐந்து மீட்டர் ‘குதிரைச் சந்தை’ இருப்பதும் அதே கட்டடத்தில். பிள்ளைகள் நியூஜெர்ஸியில் இருக்கிறார்கள், ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வரப்போகிறோம் என்கிற அப்பா அம்மாக்கள் ஒருநாள் இரண்டையும் பார்த்துவிட்டு வரலாம். அலுப்பாக இல்லையென்றால் அடுத்த வாரமும் போங்கள். “நேத்துதானே பார்த்தீங்க?” என்று பிள்ளைகள் கேட்டால் ரோஸா பாட்டி கதையைச் சொல்லிக்கொள்ளலாம்.